கத்திரி வெட்டிய கேள்வி

உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு என்பது கத்திரிக்காரரின் தீர்மானம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் ஒரு வகை. தெரியவில்லை என்பதே தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை அவர் மன்னித்துவிடுவார். பஸ் ஓட்டுகிறவர்கள், துணி தைக்கிறவர்கள், அவருடைய மனைவி எல்லாரும் அதில் அடக்கம். இரண்டாவது வகையைக் கண்டால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் திறப்பது புகார்களைத்தான். அங்கே அவர்கள் உருவாக்கிக்கொண்டிருப்பது ஒரு கம்பைலர். மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை வாங்கி, இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கிற சாமான். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சும்மா கிடைக்கிற பொருள் என்றால் குறை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா என்ன? 'நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது, உங்கள் புதுக் கம்பைலரைப் போட்டதும் படுத்துவிட்டது' என்று எங்கிருந்தாவது யாராவது ஒப்பாரி வைத்திருப்பார்கள். கத்திரிக்காரர் அவர்கள் எழுதியதை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். 'தவறு உங்கள் புரோகிராமில். மொழியின் விதிப்புத்தகத்தைப் படிக்கவும்' என்று அடித்துவிட்டு, புகாரை மூடுவார். பாவம் என்று ஒருவருக்கும் ஒரு வரி கூடுதலாக எழுதியதில்லை.

கத்திரி என்பது அந்தக் கம்பைலருக்குள் அவர் ஏழு வருஷமாகக் கட்டி வளர்த்த பகுதி. அதனால்தான் கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர். புரோகிராம் எழுதுகிறவர்கள் பொதுவாகப் பயந்தாங்கொள்ளிகள். 'இது இருக்கிறதா, அது இருக்கிறதா' என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே போவார்கள். அதில் பாதிக் கேள்விகளுக்கு அர்த்தமே கிடையாது. ஒருத்தன் வீட்டுக்குள் வந்து, சோபாவில் சாய்ந்து, காபியும் குடித்து முடித்துவிட்டு, 'வாசல் கதவு திறந்திருக்கிறதா?' என்று கேட்டால் என்ன சொல்வது? உள்ளே வந்துவிட்டான் என்றால் திறந்துதானே இருந்திருக்க வேண்டும்? அந்த மாதிரிக் கேள்விகளைக் கண்டுபிடித்துக் கத்திரி சத்தமில்லாமல் வெட்டிவிடும். புரோகிராம் வேகமாக ஓடும். இதுவரை, வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் கத்திரி கிடைத்துக்கொண்டிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், கம்பைலரை எடுக்கிற எல்லாருக்கும் அது தானாகவே போய்ச் சேரும் என்று முடிவாகப்போகிறது. ஏழு வருஷ உழைப்பு. அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காகத்தான் அவர் இத்தனை முட்டாள்களோடு மாரடித்துக்கொண்டிருந்தார்.

முட்டாள்களுக்குக் குறைவே இல்லை. இயக்குநருக்குக் கம்பைலருக்கும் கால்குலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தக் கூட்டத்திலும் கடைசியாக வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஏ.ஐ. எங்கே வருது?" என்று கேட்பார். புரோகிராம் எழுதுகிற மொழியை வடிவமைக்கிற குழு என்று ஒன்று உண்டு. ஒரு வரி முடிந்தால் புள்ளி வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வருஷம் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். கடைசியில் 'அவரவர் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆய்வு மாணவர்களோ பிழைச் செய்தி வந்தால் படிக்க மாட்டார்கள். திரையை அப்படியே படம் பிடித்து, 'சார், ஏதோ வருது' என்று அனுப்புவார்கள். ஏதோ வருதாம்! எழுத்துக்கூட்டிப் படித்தால் அதிலேயே விடை இருக்கும்.

உறவுக்காரர்கள் அதற்கும் மேல். 'கம்பைலரெல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சு முடிச்சாச்சே, நீங்க இன்னும் என்ன பண்றீங்க?' என்று கேட்டவர் அவருடைய சொந்தச் சித்தப்பா. கேட்டுவிட்டு, பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது, வந்து பார்க்க முடியுமா என்றார்.

ஆனால் உறவுக்காரர்களில் அவர் அடியோடு வெறுத்தது மனைவியின் அண்ணனைத்தான். மச்சான் தானியங்கிக் கதவு செய்கிறவர். ஆள் பக்கத்தில் வந்தால் தானாகத் திறந்து, போனதும் தானாக மூடுகிற கண்ணாடிக் கதவுகள். கதவைச் செய்தோமா, மாட்டினோமா, பணத்தை வாங்கினோமா என்று இருந்தால் தொல்லை இல்லை. மனிதர் அந்தக் கதவுக்குள் இருக்கிற சின்ன எலக்ட்ரானிக் பலகைக்குப் புரோகிராமையும் தானே எழுதுவார். எழுதிவிட்டு, "நீங்களும் எழுதுறீங்க, நானும் எழுதுறேன் மாப்ளே. என்ன, உங்களுது அடுக்குமாடி, என்னுது குடிசை" என்று தோளில் தட்டுவார். தட்டிய இடத்தைக் கத்திரிக்காரர் பிறகு துடைத்துக்கொள்வார்.

அந்த மச்சான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வழக்கமாகச் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு தொடங்கிவிடும். அன்று உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. கையில் லேப்டாப்.

"என்ன மச்சான், கதவெல்லாம் திறக்குதா?" என்றார் கத்திரிக்காரர்.

"திறக்குது மாப்ளே. மூடினதுதான் பிரச்சினை."

ஒரு பல் மருத்துவமனையில் அவர் மாட்டிய கதவு, பல் டாக்டர் உள்ளே நுழையும்போதே மூடிவிட்டது. டாக்டரின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பல் டாக்டருக்கு வலது கை! மனிதர் சும்மா விடுவாரா, பாதுகாப்புத் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டார். புதன்கிழமை விசாரணை. மச்சான் கவனக்குறைவாக வேலை செய்தார் என்று ஆய்வாளர் முடிவு செய்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"என்ன நடந்துச்சுன்னா, சென்சார் ஒயர் கழண்டுடுச்சு," என்றார் மச்சான். "அது அப்பப்ப கழலும். அதுக்குத்தான் நான் கேள்வி எழுதி வெச்சிருக்கேன். 'சென்சார் இருக்கா? இல்லேன்னா கதவைத் திறந்தே வை'ன்னு. ரெண்டு வருஷமா அப்படித்தான் வேலை செஞ்சுது. ஒயர் கழலும், கதவு திறந்து நிக்கும், நான் போய் மாட்டிட்டு வருவேன். இந்தத் தடவை அந்தக் கேள்வியை அது கேக்கவே இல்ல மாப்ளே. இதோ பாருங்க, இருக்குல்ல?"

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திருப்பி வைத்தார். அவருடைய தங்கை, கத்திரிக்காரரின் மனைவி, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

கத்திரிக்காரர் பார்த்தார். கேள்வி இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வரியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"மச்சான், இது என்ன வரி?"

"அது சென்சார்கிட்ட, எதிர்ல ஆள் எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு கேக்குறது."

"அடுத்த வரி?"

"சென்சார் இருக்கான்னு பாக்குறது."

"அதாவது, முதல்ல சென்சார்கிட்ட போய்ப் பேசிட்டு, அப்புறம் அப்படி ஒரு ஆளே இருக்காரான்னு விசாரிக்கிறீங்க!"

மச்சானும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு. "வரிசை மாறிப்போச்சுதான். ஆனா ரெண்டு வருஷம் ஓடுச்சே?"

"எந்தக் கம்பைலர் போட்டீங்க?"

"இது என்ன கேள்வி, உங்களோடதுதான்! போன மாசம்தான் மாத்தினேன். கத்திரியோட போட்டேன். ஊர்ல அத்தனை பேரும் பழசையே கட்டிக்கிட்டு அழறாங்க. எங்க மாப்பிள்ளை செஞ்சது இருக்கும்போது எனக்கென்ன தலையெழுத்து?"

கத்திரிக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இல்லாத சென்சாரிடம் தூரம் கேட்பதை விதிப்புத்தகம் எங்கேயும் அனுமதிக்கவில்லை. ஒரு புரோகிராம் தூரம் கேட்டுவிட்டது என்றால் சென்சார் இருந்தாக வேண்டும். இருந்தாக வேண்டும் என்றால், இருக்கிறதா என்ற அடுத்த கேள்வி வெட்டி. கத்திரி வெட்டிவிட்டது. ஒயர் கழன்றபோது, இல்லாத சென்சாரிலிருந்து ஏதோ ஒரு குப்பை எண் வந்தது. யாரும் பக்கத்தில் இல்லை என்று கதவு அதை எடுத்துக்கொண்டு மூடிவிட்டது. இதை அவர் மச்சானுக்கு விளக்கினார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு விளக்குகிற குரலில் விளக்கினார்.

"நான் எழுதினதை எடுத்துடுமா?" மச்சானுக்கு நம்பிக்கையே வரவில்லை. "என்கிட்ட சொல்லாமலா?"

"சொல்லணும்னு விதி இல்ல."

"சரி, விதி இல்ல," என்றாள் மனைவி. "ஆனா சொல்ல முடியாதா? 'இந்தக் கேள்வியை எடுக்கிறேன், பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை?"

"முடியாது," என்றார் கத்திரிக்காரர்.

அது பச்சைப் பொய். ஆரம்பத்தில் கத்திரி சொல்லிவிட்டுத்தான் வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் எச்சரிக்கை திரையில் வரும். பெரிய புரோகிராம் என்றால் பக்கம் பக்கமாக வரும். முயன்று பார்த்தவர்கள் தொணதொணப்பு தாங்கவில்லை என்று முணுமுணுத்தார்கள். எப்படியும் எந்த முட்டாளும் படிக்கப்போவதில்லை, பிறகு எதற்கு என்று கத்திரிக்காரரே ஒரு நாள் எச்சரிக்கையை அணைத்துவிட்டார். ஒரே ஒரு வரி மாற்றம். கூடத்தில் யாருக்கும் இப்போது அது நினைவுகூட இல்லை.

"அப்போ தப்பு என்னோடதுதான்," என்றார் மச்சான்.

"சந்தேகமே வேண்டாம்."

"புதன்கிழமை வந்து, ஆய்வாளருக்குப் புரியுற மாதிரி நீங்களே சொல்லிடுங்க மாப்ளே. நான் சொன்னா உளறிடுவேன்."

வருகிறேன் என்று கத்திரிக்காரர் ஒப்புக்கொண்டார். தன் கம்பைலர் மீது தூசி படாமல் பார்த்துக்கொள்ள அவர் போவதுதான் நல்லது.

திங்கட்கிழமை அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. விவரம் தெரிந்தவன் எவனும் மச்சானைப் போல எழுத மாட்டான் என்பதை ஆய்வாளருக்குச் சான்றோடு காட்டிவிட்டால் என்ன? எச்சரிக்கையைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டு, கம்பைலரைக் கொண்டே கம்பைலரை மாற்றிப் பார்க்கலாம். கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே, அதையும் அதனிடமே கொடுத்துத்தான் உருவாக்குவார்கள். அந்தத் தொழிலிலேயே ஊறியவர்கள் எழுதியது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்தது. ஓர் எச்சரிக்கைகூட வராது. வெள்ளைத் திரையை ஆய்வாளர் முன் காட்டினால் போதும்.

எச்சரிக்கைகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று தொடங்கி, திரை மேலே ஓடியது. கத்திரிக்காரருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஓட்டத்தை நிறுத்தி ஒன்றை எடுத்துப் படித்தார். முதல் வரியில் ஒன்றிடம் போய் மதிப்பைக் கேட்டுவிட்டு, அடுத்த வரியில் அது இருக்கிறதா என்று விசாரிக்கிற அதே கோமாளித்தனம்.

"இங்கே வந்து பாருங்க," என்று பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டார். அவள் சோதனைப் பிரிவின் தலைவி. எந்த வரியை எந்த நாளில் யார் எழுதினார்கள் என்பதை ஒரு தட்டலில் எடுத்துவிடுவாள். "நம்ம கூடத்துல எந்த மகானுபாவன் இதை எழுதினான்னு சொல்லுங்க. அவனை நான் கொஞ்சம் கும்பிடணும்."

அவள் தட்டினாள். பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"எனக்கென்ன கோவம்?"

"நீங்கதான் சார்."

அவர் நம்பாமல் தானே தட்டிப் பார்த்தார். அவரேதான். அடுத்ததைத் தட்டினார். அது வேறொருவன். அதற்கடுத்தது மறுபடி அவர். ஆக மொத்தம் மூன்று இடம். மூன்றாவது இடம் கத்திரிக்குள்ளேயே இருந்தது. கத்திரி தன் வயிற்றிலிருந்த கேள்வியையே தான் வெட்டிப் போட்டுக்கொண்டு, ஏழு வருஷமாக ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"நல்லவேளை, இங்கே கதவு எதுவும் இல்ல," என்றாள் அவள். மச்சான் கதையைக் காலையிலேயே அவளிடம் சொல்லிச் சிரித்திருந்தார் அவர். "எச்சரிக்கையை இப்படியே போட்டு விட்டுடலாமே சார்? எல்லாருக்கும் நல்லதுதானே?"

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் புரோகிராமும் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிக்கும். 'முதல்ல இதையெல்லாம் சரி பண்ணுங்க, கத்திரியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'பாங்க. அடுத்த வருஷம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? எப்பவும் இல்லைன்னு அர்த்தம்."

"உங்க கத்திரி, உங்க இஷ்டம்," என்று அவள் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

அவர் எச்சரிக்கையை அணைத்தார். தன்னுடைய மூன்று வரிகளையாவது திருத்திவிடலாம் என்று கை போயிற்று. திருத்தினால், ஏன் திருத்தினாய் என்று வெள்ளிக்கிழமைக்குள் எவனாவது கேட்டுத் தொலைப்பான். அதனால் அதையும் அப்படியே விட்டுவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது.

புதன்கிழமை விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேஜை, ஆறேழு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடுகிற மின்விசிறி. மேஜை நடுவில் பல் மருத்துவமனைக் கதவின் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பல் டாக்டர் கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, அந்த அறையில் இருப்பதே தனக்கு இழிவு என்பது போல ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆய்வாளருக்கு மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. படிக்க வேண்டியதையெல்லாம் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் வைத்துப் படித்தார்.

யாரும் கேட்பதற்கு முன்பே மச்சான் எழுந்துவிட்டார்.

"சார், நேரம் வீணாக்க வேண்டாம். தப்பு என்னோடதுதான். இவர் எங்க மாப்பிள்ளை. கம்பைலரே எழுதுறவர். எங்க குடும்பத்துலயே மூளைன்னா இவர்தான். அவர் என் புரோகிராமைப் பாத்துட்டு தப்புன்னு சொல்லிட்டார். அவர் தப்புன்னா தப்புதான். அதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு?"

பெருமையோடுதான் சொன்னார். தன் தலையைத் தானே தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. கத்திரிக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலகையைப் பார்த்தார்.

ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பினார். "தப்புங்கறது தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். தப்புல ரெண்டு விதம் இருக்கு. யாருக்கும் வரக்கூடிய தப்புன்னா, சரி பண்ணுன்னு சொல்லி விட்டுடுவேன். கவனமே இல்லாம செஞ்ச வேலைன்னா லைசென்ஸை எடுத்துடுவேன். நீங்க சொல்லுங்க. தொழில் தெரிஞ்ச ஆள் எவனாவது இப்படி எழுதுவானா?"

இதே கேள்விக்கு இத்தனை வருஷமாக யாரும் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். எவனும் எழுத மாட்டான். அந்த மூன்று வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் வெள்ளிக்கிழமை பத்திரம். மச்சான் மறுபேச்சுப் பேச மாட்டார், மாப்பிள்ளை வாயால் வந்ததே என்று கும்பிட்டு வாங்கிக்கொள்வார். அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார் கத்திரிக்காரர். மச்சான் அவரைப் பார்த்துத் தைரியமாகச் சொல்லுங்க என்பது போலத் தலையாட்டினார்.

"எழுதுவாங்க," என்றார் கத்திரிக்காரர்.

"யாரு?"

"நான் எழுதியிருக்கேன். மூணு இடத்துல."

மச்சான் பதறிப்போனார். "சார், நம்பாதீங்க! எனக்காகச் சொல்றார். அவர் அப்படி எழுதுற ஆளே இல்ல. தங்கச்சி ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பா."

ஆய்வாளர் சிரித்தார். "புரியுது. சொந்தக்காரங்கன்னா விட்டுக்கொடுக்க மாட்டீங்க. அதுக்காக இப்படியா? உக்காருங்க, இதை நான் எழுதிக்க முடியாது."

கத்திரிக்காரருக்கு வந்ததே கோபம்! வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தப்பை ஒத்துக்கொள்கிறார், அதைப் போய் இந்த ஆள் விதிப்படி செல்லாது என்று தள்ளுகிறார். தன் வார்த்தையை இப்படி ஒருவன் தட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, பலகையைத் தள்ளிவிட்டு, மேஜையில் வைத்தார். எச்சரிக்கையைப் போட்டார். கம்பைலரைக் கம்பைலரிடம் கொடுத்து ஓடவிட்டார்.

அது ஓடி முடிய நேரம் ஆயிற்று. ஆய்வாளர் தண்ணீர் குடித்தார். பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மச்சான் மட்டும், ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எச்சரிக்கைகள் வரத் தொடங்கியதும் கத்திரிக்காரர் தன்னுடைய மூன்றையும் எடுத்துக் காட்டினார். பக்கத்திலேயே மச்சானின் இரண்டு வரிகளையும் வைத்தார். எழுதியவர் யார் என்பதையும் தட்டிக் காட்டினார். ஆய்வாளர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தார்.

"இந்த எச்சரிக்கை இவருக்கு ஏன் வரல?" என்று மச்சானைக் காட்டிக் கேட்டார்.

"நான் அணைச்சு வெச்சிருந்தேன்."

"அன்னிக்கு முடியாதுன்னீங்களே மாப்ளே?" என்றார் மச்சான். அதில் கோபம்கூட இல்லை. விலாசம் தவறி வந்தவன் கேட்கிற மாதிரி கேட்டார்.

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர் திரும்பினார்.

"ஏன் அணைச்சீங்க?"

"நிறைய வந்துச்சு. தொல்லையா இருந்துச்சு. எப்படியும் யாரும் படிக்க மாட்டாங்கன்னு..."

"என்கிட்ட வர்ற நோயாளிக்கும் வலி தொல்லையாத்தான் இருக்கும்," என்றார் டாக்டர். "அதை மரத்துப்போக வைக்கிறதுக்கு முன்னாடி, எந்தப் பல்லுன்னு பாத்துடுவேன். எனக்கு அது ஒரு பழக்கம்." பிறகு மச்சானையும் கத்திரிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தன் கேள்வியை ஒழுங்கா கேக்கத் தெரியாதவன். இன்னொருத்தன் கேட்ட கேள்வியைப் பிடுங்கித் தின்னவன். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் போய்க் கையை வெச்சேன் பாருங்க." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆய்வாளர் எழுதினார். கவனக்குறைவு இல்லை, யாருக்கும் வரக்கூடிய பிழை. லைசென்ஸ் இருக்கும். மாட்டிய கதவுகள் அத்தனைக்கும் உடனே புரோகிராமைத் திருத்த வேண்டும். டாக்டரின் சிகிச்சைச் செலவு மச்சானுடையது. கம்பைலர் எச்சரிக்கை இல்லாமல் கேள்விகளை நீக்குகிறது என்ற விவரம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எழுத்தில் போகும். "நாளைக்கே அனுப்பிடுவேன்," என்றார், ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை அங்கேயே முடிந்துபோயிற்று. இயக்குநர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன கேட்பார் என்பதுகூடக் கத்திரிக்காரருக்குத் தெரியும்.

படியில் இறங்கும்போது மச்சான் ஒன்றும் பேசவில்லை. ஒரு தளம் இறங்கியாயிற்று. திட்டப்போகிறார், திட்டட்டும் என்று கத்திரிக்காரர் காத்திருந்தார். திட்டினால் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைக்கும். அடுத்த திருப்பத்தில் மச்சான் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"தங்கச்சி! லைசென்ஸ் தப்பிச்சுது. அதை விடு, அது கிடக்கட்டும், இதைக் கேளு." படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேலே போகிறவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "இத்தனை வருஷமா நான் இவரைப் பாத்துப் பயந்துக்கிட்டு கிடந்தேனே! உன் வீட்டுக்காரரும் நம்ம ஆளுதான்டீ! அதே தப்பு, அச்சு அசலா அதே தப்பு!"

பேசிக்கொண்டே இன்னொரு கையைக் கத்திரிக்காரரின் தோளில் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டார். முட்டாள், மடையன், தற்குறி என்று எத்தனையோ பேரை எத்தனையோ வார்த்தையில் திட்டியிருக்கிறார் கத்திரிக்காரர். 'நம்ம ஆளு' என்பதைவிடக் கேவலமான வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை என்று அந்தப் படிக்கட்டில் அவருக்குத் தோன்றியது. அதைச் சொன்ன மனிதருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிடத் துணிவில்லாமல், கத்திரிக்காரர் அவரோடு சேர்ந்து மீதிப் படிகளை இறங்கினார்.